தராசு இல்லாமல் ஓர் எடை

எடை விஷயத்தில் யாரும் என்னை ஏமாற்ற முடியாது என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். விருதுநகரில் ரயில்வே கேட் பக்கம் சின்னதாக ஒரு மளிகைக் கடை. முப்பத்தாறு வருடமாகத் துவரம்பருப்பும் வத்தலும் மல்லியும் நிறுத்துக் கொடுத்த கை. கால் கிலோ சீனி என்று கேட்டால், தராசைப் பார்க்காமல் அள்ளிப் போட்டாலும் ஐந்து கிராம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவனிடம் என் மகள் மீனா ஒருநாள் வந்து, "அப்பா, நானும் உங்க தொழிலுக்கே வந்துட்டேன். எடை போடுறேன்" என்றாள்.

"எதைம்மா?"

"ஒரு கேலக்ஸியை."

2023 ஜனவரி அது. மதுரையில் எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். பொங்கல் லீவுக்கு வந்தவள், கடையில் ஓர் அரிசி மூட்டைமேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு தன் புராஜெக்ட் வேலையைப் பார்த்தாள். வீட்டில் உட்கார்ந்தால் வருகிறவர்கள் எல்லாம் "படிப்பு முடியப் போகுதே, அடுத்து என்ன?" என்று கேட்கிறார்களாம். கடைக்கு வருகிறவர்கள் விலையை மட்டும்தான் கேட்பார்கள்.

அந்த "அடுத்து என்ன?" என்பதுதான் அப்போது எங்கள் வீட்டுச் சண்டை. பி.எட். முடித்து ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகட்டும் என்பது என் கணக்கு. ஆராய்ச்சிப் படிப்புக்குப் போக வேண்டும் என்பது அவள் கணக்கு. ஐந்தாறு வருடம் ஆகும். வெளிமாநிலத்தில் இருக்க வேண்டும். "ஆறு வருஷம் நட்சத்திரத்தை எண்ணி யாருக்கு என்ன லாபம்?" என்று முந்தின நாள் ராத்திரிதான் கேட்டிருந்தேன். பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டாள். என் மனைவி பாக்கியம் அந்தப் பேச்சில் வாயே திறக்கவில்லை. முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

அதனால் அவள் 'எடை' என்றதும், சமாதானத்துக்கு வந்திருக்கிறாள் என்று புரிந்தது. நானும் இறங்கி வந்தேன்.

"தராசு எங்கே?"

"தராசு கிடையாது. அதுதான்ப்பா விஷயமே."

திரையைத் திருப்பிக் காட்டினாள். கறுப்புத் துணியில் உப்பைச் சிந்தியது போலப் புள்ளிகள். அதன் பெயர் ஸ்கல்ப்டர். தென்வானத்தில் 'சிற்பி' என்று பெயர் வைத்திருக்கிற நட்சத்திரக் கூட்டத்தின் திசையில் தெரிவதால் அந்தப் பெயராம். நம்முடைய பால்வெளிக்குப் பக்கத்து வீடு மாதிரி ஒரு குட்டி கேலக்ஸி. பக்கத்து வீடு என்றால், அங்கிருந்து வெளிச்சம் நம்மிடம் வந்துசேர ஏறக்குறைய 2,80,000 வருடம் ஆகும். பால்வெளியில் பத்தாயிரம் கோடி நட்சத்திரங்களுக்கு மேல் இருக்கின்றன. ஸ்கல்ப்டர் மொத்தமாக வீசும் வெளிச்சமோ சுமார் இருபது லட்சம் சூரியன்களுக்குத்தான் சமம். மொத்த வியாபாரக் கடைக்குப் பக்கத்தில் பெட்டிக்கடை.

1938-ல் ஹார்லோ ஷாப்லி என்ற அமெரிக்க வானியலாளர் இதை உலகத்துக்கு அறிவித்தார். தென்னாப்பிரிக்காவில் ஹார்வர்டு வைத்திருந்த தொலைநோக்கியில் எடுத்த கண்ணாடித் தகட்டில் மங்கலாகத் தெரிந்ததாம். அடுத்த வருடமே வால்ட்டர் பாடே, எட்வின் ஹபிள் என்ற இருவர், அதிலிருக்கும் சில நட்சத்திரங்கள் பிரகாசமாவதும் மங்குவதுமாக இருப்பதைக் கண்டு, தூரத்தைக் கணக்கிட்டார்கள்.

"மங்குறதுக்கும் தூரத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டேன்.

அப்போதுதான் ஹென்ரியட்டா லெவிட் என்ற பெண்மணியைப் பற்றிச் சொன்னாள். நூறு வருடத்துக்கு முன் ஹார்வர்டு வானாய்வகத்தில் மணிக்கு 30 சென்ட் கூலிக்குக் கண்ணாடித் தகடுகளைப் பார்த்துக் கணக்கெழுதியவர். சிறிய மெகல்லன் மேகம் என்று இன்னொரு பக்கத்து வீட்டுக் குட்டி கேலக்ஸி உண்டு. அதில் மின்னி மங்கும் 25 நட்சத்திரங்களை எடுத்து, எது நிதானமாக மின்னுகிறதோ அது அதிகப் பிரகாசம் என்று 1912-ல் காட்டினார். ஒரு விளக்கு உண்மையில் எவ்வளவு பிரகாசம் என்று தெரிந்துவிட்டால், நம் கண்ணுக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதை வைத்து அது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று சொல்லிவிடலாம். வானத்தில் தூரம் அளக்கிற கோல் அங்கிருந்துதான் கிடைத்தது.

"அந்த அறிக்கை வெளியானப்ப கீழே கையெழுத்து யாரோடது தெரியுமா? அவங்க டைரக்டர் பிக்கரிங்கோடது. முதல் வரியில மட்டும், இதைத் தயாரிச்சது மிஸ் லெவிட்னு ஒரு வாக்கியம்."

"சரி, அந்த மட்டுக்கும் போட்டாரே" என்றேன். அது எனக்கே திரும்பி வரும் என்று அப்போது தெரியாது.

அடுத்து வேகம். கேட் மூடியிருந்தது. தூத்துக்குடிப் பக்கம் போகிற ரயில் ஹாரன் அடித்துக்கொண்டே கடந்தது. "கேட்டீங்களா? கிட்ட வரும்போது சத்தம் கீச்சுனு இருக்கு, தாண்டிப் போனதும் இறங்கிடுது. நட்சத்திரத்தோட வெளிச்சமும் அப்படித்தான். நம்மைவிட்டு விலகினா சிவப்புப் பக்கமா நகரும், நெருங்கினா நீலப் பக்கமா நகரும். எவ்வளவு நகர்ந்திருக்குன்னு அளந்தா வேகம் கிடைச்சிடும்."

2004-ல் நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலின் டால்ஸ்டாயும் அவருடைய குழுவும் சிலி நாட்டில் பரனால் மலைமேல் இருக்கும் 8.2 மீட்டர் தொலைநோக்கியை வைத்து, ஸ்கல்ப்டரில் முந்நூறுக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களின் வேகத்தை அளந்து வெளியிட்டார்கள். தொலைநோக்கி பார்க்கும் இடத்தில் நூற்றுக்கும் அதிகமான மெல்லிய கண்ணாடி இழைகளை வரிசையாகப் பொருத்தி, இழைக்கு ஒரு நட்சத்திரமாக ஒரே சமயத்தில் வெளிச்சத்தைப் பிடிக்கும் கருவி அது. அப்படி அளந்து பொதுவில் வைத்த பட்டியல்களை எடுத்து, அந்தக் கணக்கைத் தானும் போட்டுப் பார்ப்பதுதான் மீனாவின் புராஜெக்ட்.

"நீங்களே போட்டுப் பாருங்க" என்று பொட்டலம் கட்டுகிற தாளில் எட்டெட்டு எண்களாக இரண்டு வரிசை எழுதினாள். "இது நிஜப் பட்டியல் இல்லை, உங்களுக்குப் புரியறதுக்காக நான் எழுதினது. ஆனா நிஜமும் இந்தச் சாடைதான்."

முதல் வரிசை, மையத்துக்குத் தள்ளி ஓரமாக இருப்பவை: 96, 125, 108, 118, 101, 123, 99, 110.

இரண்டாவது, நடுவில் நெருங்கி இருப்பவை: 101, 119, 113, 103, 110, 118, 104, 112.

எல்லாம் நொடிக்கு இத்தனை கிலோமீட்டர். பேனாவை எடுக்காமலே கூட்டினேன். இரண்டுக்கும் 880. எட்டால் வகுத்தால் 110.

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"நல்லாப் பாருங்க."

பார்த்தேன். முப்பது வருடம் வரவு செலவு பார்த்த கண்ணுக்கு அது தெரியாமல் போகாது. "சராசரி ஒண்ணு. ஆனா இந்த ஓரத்துக் கூட்டம் ரொம்பச் சிதறுது. நடுவுல இருக்கிறது சாதுவா இருக்கு."

மீனா கைதட்டினாள். நாலாவது படிக்கையில் வாய்ப்பாடு ஒப்பித்தால் நான் அவளுக்குத் தட்டுவேனே, அந்த மாதிரி.

பஸ் ஒன்று போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கிற எல்லாரும் பஸ் வேகத்தில்தான் போகிறார்கள். அதுதான் 110. ஸ்கல்ப்டர் முழுசாக நம் சூரியனைவிட்டு அந்த வேகத்தில் விலகுகிறது. ஆனால் பஸ்ஸுக்குள்ளே ஒருவர் முன்னால் வருகிறார், ஒருவர் பின்னால் போகிறார். அந்த உள் நடமாட்டத்தைத்தான் அவர்கள் அளக்கிறார்கள். 2004-ல் கிடைத்த விடை: ஓரத்துக் கூட்டத்துக்குச் சிதறல் நொடிக்கு 11 கிலோமீட்டர் வாக்கில், நடுக் கூட்டத்துக்கு 7 வாக்கில்.

இரண்டும் இரண்டு தலைமுறை என்றாள். வானியலில் ஹைட்ரஜன், ஹீலியம் தவிர மற்ற எல்லாவற்றையும் 'உலோகம்' என்றே சொல்வார்களாம். ஆக்ஸிஜன்கூட அவர்களுக்கு உலோகம்தான். அந்த உலோகங்களைப் பெரும்பாலும் நட்சத்திரங்களே வயிற்றுக்குள் சமைக்கின்றன. வெடித்துச் சாகும்போது வெளியே இறைக்கின்றன. அந்தச் சாம்பல் கலந்த வாயுவிலிருந்து அடுத்த தலைமுறை பிறக்கிறது. ஆகையால் இரும்பு குறைவாக இருந்தால் முன்னால் பிறந்தது, கூடுதலாக இருந்தால் பின்னால் பிறந்தது. ஸ்கல்ப்டரில் இரும்பு குறைந்த மூத்தவர்கள் பரந்து கிடக்கிறார்கள். இரும்பு கூடிய இளையவர்கள் நடுவில் கூடியிருக்கிறார்கள். இளையவர்கள் என்பதும் பேச்சுக்குத்தான். அங்கே புதிதாக நட்சத்திரம் பிறப்பது நின்று பல நூறு கோடி வருடம் ஆகிவிட்டது.

"அதுசரி, எடை எங்கே வருது?"

"எடை இல்லப்பா, நிறை."

"நிறுக்கிறதுன்னாலும் அதேதான். சொல்லு."

இந்த இடத்தில்தான் எனக்குள் என்னவோ பிடித்துக்கொண்டது. நொடிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போகிற நட்சத்திரம் ஓர் ஒளியாண்டு தூரம் போக 30,000 வருடம் ஆகும். மையத்திலிருந்து 3,000 ஒளியாண்டு தூரம் போக ஒன்பது கோடி வருடம். பெரிய காலம்தான். ஆனால் அங்கிருக்கும் நட்சத்திரங்களுக்கு வயது ஆயிரம் கோடி வருடம் வாக்கில். பிடித்து நிறுத்த ஒன்றுமில்லை என்றால், அந்த கேலக்ஸி நூறு தடவை கலைந்து காணாமல் போயிருக்க வேண்டும். போகவில்லை. எனவே பிடித்து வைத்திருக்கும் ஈர்ப்பு இருக்கிறது. ஈர்ப்பு இருந்தால் அதற்கேற்ற நிறை இருக்க வேண்டும். சிதறல் எவ்வளவு என்று தெரிந்தால் நிறை எவ்வளவு என்று சொல்லிவிடலாம்.

அப்படிப் போட்டுப் பார்த்தால், தெரிகிற நட்சத்திரங்களை எல்லாம் சேர்த்தாலும் போதவில்லை. நடுப்பகுதியை மட்டும் எடுத்தாலே, வெளிச்சத்தை வைத்து எதிர்பார்ப்பதைப் போலப் பத்து மடங்குக்குக் குறையாத நிறை தேவைப்படுகிறது. மிச்சம்தான் கரும்பொருள். டார்க் மேட்டர்.

1983-ல் மார்க் ஆரன்சன் என்பவர் டிராகோ என்ற இன்னொரு குட்டி கேலக்ஸியில் வெறும் மூன்று நட்சத்திரங்களின் வேகத்தை அளந்து, இங்கே தெரியாத நிறை நிறைய இருக்க வேண்டும் என்று முதலில் எழுதினார்.

"மூணே மூணு பேரைப் பார்த்து ஊரையே எடை போட்டாரா?"

"நிறைய பேர் நம்பலைதான். அப்புறம் நூத்துக்கணக்குல அளந்தாங்க. அவர் சொன்னதுதான் நின்னுது. ஆனா அவர் ரொம்ப நாள் இருக்கலை. 1987-ல தொலைநோக்கி மாடத்துல ஒரு விபத்து. முப்பத்தாறு வயசு."

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு நான் என் தொழில் சந்தேகத்தைக் கேட்டேன். "எடையில தப்பே வராதா?"

"வரும்" என்றாள் உடனே. "சில நட்சத்திரம் தனியா இருக்காது, ஜோடியா ஒண்ணையொண்ணு சுத்தும். அந்தச் சுத்துற வேகமும் நம்ம கணக்குல சேர்ந்துடும். தராசுத் தட்டை யாரோ விரலால அமுக்கற மாதிரி. அப்ப நிறை இல்லாத இடத்துல இருக்கிற மாதிரி காட்டும். அதனால ஒரே நட்சத்திரத்தை மறு வருஷமும் அளப்பாங்க. வேகம் மாறியிருந்தா ஜோடின்னு ஒதுக்கிடலாம்."

தப்பு எங்கே வரும் என்று தெரிந்து வைத்திருக்கிறவனிடம்தான் நான் சரக்கு வாங்குவேன். என் மகள்மேல் அன்றைக்கு எனக்கு மரியாதை வந்தது. அந்தச் சந்தோஷத்தில், பெரிதாக ஏதோ கண்டுபிடித்தவன் மாதிரி சொன்னேன்:

"புரிஞ்சு போச்சு தாயி. அந்தக் கரும்பொருள் நம்ம வீட்டுல உங்க அம்மா மாதிரி. வெளியே தெரியாது. ஆனா குடும்பத்தைச் சிதறாமப் பிடிச்சு வெச்சிருக்கிறது அவதான்."

மீனா சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் லேப்டாப்பை மூடினாள்.

"அப்பா, கரும்பொருள் தெரியாததுக்குக் காரணம் இருக்கு. அது வெளிச்சம் விடுறதில்லை, வெளிச்சத்தைத் தடுக்கிறதும் இல்லை. உலகத்துல எவ்வளவு பெரிய தொலைநோக்கி வெச்சாலும் தெரியாது. அம்மா அப்படியா? தினமும் ஒரு மணியிலேர்ந்து நாலு மணி வரைக்கும் இந்தக் கல்லாவுல உக்காந்திருக்காங்க. ஊரே பாக்குது. அம்மா தெரியாம இல்லை. நீங்க எழுதாம விட்டிருக்கீங்க."

எனக்குச் சுருக்கென்றது. "நான் என்ன எழுதாம விட்டேன்?"

"லெவிட்டுக்கு ஒரு வரியாவது போட்டாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கு ராத்திரி கடை சாத்தியதும் பரணிலிருந்து பழைய பேரேடுகளை இறக்கினேன். எதைத் தேடுகிறேன் என்று எனக்குத் தெரியும். 1999. மொத்த வியாபாரிக்கு நிலுவை ஏறி, சரக்கு நிறுத்திவிட்ட வருடம். கடையை மூடிவிடலாமா என்று இருந்தேன். அந்த ஆவணி மாதப் பக்கத்தை எடுத்தேன். என் கையெழுத்துத்தான், முத்து முத்தாக. மூத்த மச்சான் வரவு ரூ.5,000, வட்டி இவ்வளவு. பக்கத்துக் கடைக்காரர் வரவு ரூ.3,000. கீழே, ரொக்கம் வரவு ரூ.9,000.

அந்த ஒன்பதாயிரத்துக்குப் பெயர் இல்லை. பாக்கியத்தின் நாலு பவுன் வளையலை அடகு வைத்து வந்த பணம் அது. மச்சானுக்கு அசலும் வட்டியும் கொடுத்து வரவு வைத்துக் கோடு கிழித்திருந்தேன். வளையல் மூழ்கிப் போனது. அதற்குப் பற்றும் இல்லை, வரவும் இல்லை.

பேனாவை எடுத்துத் தாளில் கணக்குப் போட்டேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து இருபத்தொன்பது வருடம். நான் சாப்பிட்டுக் கண்ணயரும் அந்த மூன்று மணி நேரம். வருடத்துக்கு முந்நூற்றுப் பத்து நாள் என்று வைத்தாலும் இருபத்தேழாயிரம் மணி நேரம் வந்தது. கடைப் பையனுக்குச் சம்பளம், தீபாவளிச் சட்டை, டீக் காசு எல்லாம் எழுதியிருக்கிறேன். இந்த இருபத்தேழாயிரம் மணி நேரத்துக்கு என் பேரேட்டில் ஒரு வரி இல்லை.

தண்ணீர் குடிக்க எழுந்து வந்த பாக்கியம், "பதினோரு மணிக்கு என்னங்க பழைய நோட்டு?" என்றாள்.

"தொண்ணூத்தொம்பதுல ஒரு ஒம்பதாயிரம். உன் பேரைப் போடாம விட்டிருக்கேன்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"மத்தியானம் நாந்தான கல்லாவுல உக்காந்திருக்கேன்? அந்த நோட்டை நான் பொரட்டாமலா இருப்பேன்?"

இருபத்து நாலு வருடமாக அவளுக்குத் தெரியும். அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, அதே நோட்டுக்கு அட்டை போட்டு, பரணில் ஏற்றியவள் அவள்தான். ஒரு நாளும் கேட்கவில்லை. நான் என்ன சொல்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

"இப்ப எழுதிடவா?" என்று கேட்டேன். கேட்கும்போதே அசட்டுத்தனமாக இருந்தது.

"எழுதுங்க. எழுதிட்டு அதை அவ பேருக்கு மாத்திடுங்க. போகட்டும்ங்க. அவளுக்கு அங்க போகணும்னு இருக்கு."

அவ்வளவுதான் சொன்னாள். செம்பைக் கவிழ்த்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். முந்தின நாள் சண்டையில் அவள் வாய் திறக்காததை, என் பக்கம் என்று நான் எடுத்துக்கொண்டிருந்தேன். விரலை வைத்து அமுக்கியது நான்தான்.

அந்த ஆகஸ்ட்டில் மீனா ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்தாள். இப்போது மூன்றாவது வருடம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போன் பண்ணுவாள். நானும் ஏதாவது கேட்பேன்.

போன மாதம், "அந்த ரெண்டு கூட்டத்தை வெச்சு வேற என்னம்மா பண்றாங்க?" என்று கேட்டேன். சொன்னாள். இரண்டு கூட்டமும் இரண்டு படிக்கல் மாதிரியாம். நடுக் கூட்டத்தை வைத்து, நடுவில் எவ்வளவு நிறை என்று பார்க்கலாம். பரந்த கூட்டத்தை வைத்து, பெரிய வட்டத்துக்குள் எவ்வளவு என்று பார்க்கலாம். இரண்டையும் ஒப்பிட்டால், கரும்பொருள் நடுவில் கூம்பாகக் குவிந்திருக்கிறதா, தட்டில் பரப்பிய மாவு மாதிரி சமமாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். 2011-ல் மேத்யூ வாக்கர், ஹோர்ஹே பென்யாரூபியா என்ற இருவர் இப்படிப் பார்த்து, குவியல் இல்லை, பரவல்தான் என்றார்கள். கூம்பாகவும் இருக்கலாம் என்று வேறு சிலர் கணக்குக் காட்டுகிறார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை.

ஹாரன் சத்தக் கணக்கில் ஒரு குறையும் இருக்கிறது. நம்மை நோக்கி வருவதும் விலகுவதும்தான் அதில் தெரியும். இடம் வலமாக நகர்வது தெரியாது. அதற்கு வருடக்கணக்கில் காத்திருந்து, முன் எடுத்த படத்தையும் பின் எடுத்த படத்தையும் ஒப்பிட வேண்டும். ஸ்கல்ப்டரில் ஒரு நட்சத்திரம் அந்தக் கூட்டத்துக்குள் ஒரு வருடத்தில் நகர்வது நம் கண்ணுக்கு எவ்வளவு தெரியும் என்றால், நிலாவில் ஒரு பொருள் ஐந்து சென்டிமீட்டர் நகர்ந்தால் இங்கிருந்து எவ்வளவு தெரியுமோ அவ்வளவு. ஹபிள் தொலைநோக்கி 2002-ல் எடுத்த படங்களையும் பன்னிரண்டு வருடம் கழித்து ஐரோப்பாவின் கையா விண்கலம் அளந்ததையும் சேர்த்து, 2018-ல் டேவிடே மஸ்ஸாரி குழு அதையும் சில நட்சத்திரங்களுக்குச் செய்து காட்டியது.

"கையாவை 2025 மார்ச்சுல அணைச்சுட்டாங்கப்பா" என்றாள். "பதினோரு வருஷத்துக்கு மேல பறந்துச்சு, 180 கோடி நட்சத்திரத்தைக் கணக்கெடுத்துச்சு. இன்னும் வெளியிட வேண்டியது நிறைய இருக்கு."

"கடையைச் சாத்தியாச்சு, பேரேடு எழுதி முடியலை. அப்படித்தானே?"

"அப்படியே அதுதான்."

இந்தக் கார்த்திகை அமாவாசையன்று ராத்திரி எட்டரை மணிக்கு, நானும் பாக்கியமும் மொட்டை மாடிக்குப் போனோம். மீனா போனில் வழி சொன்னாள். தெற்கே கீழாக ஒரு பிரகாசமான நட்சத்திரம், ஏகர்னார். தென்மேற்கில் தனியாக இன்னொன்று, ஃபோமல்ஹாட். இரண்டுக்கும் நடுவே, நேர் தெற்கில், அடிவானத்துக்கும் உச்சிக்கும் பாதி உயரத்தில் பாருங்கள் என்றாள்.

பார்த்தோம். இருட்டுதான் இருந்தது.

"ஒண்ணுமே தெரியலையேடி" என்றாள் பாக்கியம்.

"வெறும் கண்ணுக்குத் தெரியாதும்மா. சும்மா அந்தப் பக்கம் பாருங்க."

சரி என்று இருவரும் கழுத்து வலிக்கிற வரைக்கும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தோம். ரயில் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. தாண்டிப் போனதும் சத்தம் இறங்கியது.

"சாப்பிட்டியாடி?" என்று கேட்டாள் பாக்கியம், போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு.